வடகரப்பதி பஸ்ஸுக்கு ஒரு எஞ்சின் பிளாக்

விற்கிறவன் சத்தியம் பண்ணப் பண்ண வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வளர்கிற தொழில் ஒன்று உண்டென்றால், அது பழைய எஞ்சின் வாங்குவதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் வடகரப்பதியில் மோட்டார் மேஸ்திரி. கையெல்லாம் கிரீஸோடு பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

தண்ணீர் ஊற்றிய டிரைவர்

எங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு ஓடிய பஸ் ராமாயி அம்மாளுடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு அதை அந்த அம்மாள்தான் நடத்தினார். ஒரு சித்திரை மத்தியானம் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் ரங்கன் ஆறவிடாமல் கிணற்றுத் தண்ணீரைச் சளக்கென்று ஊற்றிவிட்டான். 'டங்'கென்று ஒரு சத்தம். நான் போய்ப் பார்த்தபோது, சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சின் உடம்பான பிளாக்கின் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு விரிசல்.

புது பிளாக் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆடி பிறப்பதற்குள் பஸ் ஓடாவிட்டால் அந்தத் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக, பஸ் தடங்களுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி சொல்லிவிட்டார். "வந்த விலைக்கு வித்துட்டா என்னங்கம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். ராமாயி அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க மேஸ்திரி, விக்கறதுக்கு நான் உங்களைக் கூப்புடலீங்க. ஓட்டறதுக்குத்தானுங்க கூப்புட்டேன்."

பச்சை பெயிண்ட்

பாலக்காட்டில் ஒரு ராவுத்தர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்த பிளாக் ஒன்றைக் காட்டி, "உங்க வண்டிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி" என்றார். பிளாக்கின் இடுப்பில் வார்ப்பிலேயே ஒரு நம்பர் இருக்கும். எந்த வகை வண்டியின் எஞ்சின் என்பதை அதுதான் சொல்லும். பெயிண்டைச் சுரண்டினேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில் உடனே தூக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அத்தனை அக்கறையாக யார் பெயிண்ட் அடிப்பார்கள்?

தண்ணீர் ஓடும் அறையின் துளைகளைத் தக்கையால் அடைத்து, உள்ளே சீமெண்ணெய் ஊற்றினேன். வெளிப்பக்கம் பெயிண்டைச் சுத்தமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசினேன். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியிருந்தது. ராவுத்தர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "பெயிண்ட் அடிச்சது நான்தான் மேஸ்திரி. விரிசல் விட்டது நான் இல்லை."

ஞானத்தின் வாசற்படி

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பஸ்ஸின் அதே வகை எஞ்சினுள்ள லாரி ஒன்று பிரித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு மலையேறினேன். ஸ்டோர் கிளார்க் தேவசகாயம் நல்ல மனுஷன். ஆனால் லாரி இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. தேடிக்கொண்டே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனபோது, ஞானம் என்கிற கொழுந்து பறிக்கிற அம்மாள் தன் வீட்டு வாசலில் எதன் மேலோ கால் வைத்து இறங்கி வந்தாள். அதுதான் பிளாக், குப்புறக் கிடந்தது!

புரட்டிப் போட்டோம். நம்பர் சரி. சீமெண்ணெய் கசியவில்லை. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டினேன். தேய்ந்து உண்டான படி நகத்தில் லேசாகத்தான் தட்டியது, கடைந்தால் சரியாகிவிடும். ஆனால் அடியில் சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் பேரிங் மூடிகளைக் காணோம். அந்த மூடிகளைப் பிளாக்கோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள். வேறு எதிலிருந்து எடுத்துப் போட்டாலும் தண்டு நேராக நிற்காது.

"இந்த மாதிரி வளைஞ்ச இரும்பு எங்கேயாவது பாத்தீங்களாம்மா?" என்று கையால் வளைத்துக் காட்டினேன். ஞானம் மேலே கை நீட்டினாள். தகரம் காற்றில் பறக்காமலிருக்க, கூரை மேல் வரிசையாக மூன்று மூடிகள்! ஏறி எடுத்தேன். மூடியிலும் பிளாக்கிலும் குத்தியிருந்த எண்கள் ஒத்துப்போயின. பிளாக்கைத் தூக்கத் தேவசகாயம் ஆள் கூப்பிட, ஞானம் குறுக்கே வந்து நின்றாள். "எடுத்துட்டுப் போங்கய்யா, நான் வேண்டாங்கல. தகரத்துக்கு மூணு கல்லும், நான் ஏறி இறங்க ஒரு கல்லும் போட்டுட்டுப் போங்க."

போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சோதனை ஓட்டம்

மூணாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கிய தேயிலை லாரியில் பிளாக்கை ஏற்றி, அங்கிருந்து கோயம்புத்தூர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கடையும்போது ஒரு சிலிண்டரில் ஆழமான கீறல் தெரிந்தது. பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சிலிண்டரை மட்டும் அகலமாகக் கடைந்து, உள்ளே புது இரும்புக் குழாய் ஒன்றை இறக்கச் சொன்னேன். ராமாயி அம்மாள் தினமும் வந்து ஓரமாக ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை சொல்லிக்கூட அவசரப்படுத்தவில்லை. அதுவே என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனி கடைசியில் எஞ்சினைப் பஸ்ஸில் பூட்டி முடித்ததும் ரங்கன் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். இருமியது, நின்றது. மறுபடி சுற்றினான். பிடித்துக்கொண்டது. ஜனங்களையும் தக்காளிக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு நேராக அதிகாரியின் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் பஸ்ஸைச் சுற்றி வந்து, "இது அதே பழைய பஸ்தானே?" என்றார். ராமாயி அம்மாள் இறங்கக்கூட இல்லை. "பஸ் பழசுதானுங்க. இன்னும் ஓடறதுதான் உங்களுக்குப் புதுசா இருக்குதுங்களா?"

தடம் அந்த அம்மாளுக்கே நிலைத்தது. பழைய எஞ்சின் வாங்கப் போகிறவன் அடுத்தவர் வாசற்படியைக்கூடக் கேட்க வேண்டிவரும்; எதை மறந்தாலும் பரவாயில்லை, வெட்கத்தை மட்டும் மறக்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.