புரோக்கர்கள் வர வேண்டாம்

வந்தவர் கார் சாவியை எடுத்துச் சுவரைக் கீறிப் பார்த்தார். பெயின்ட் எத்தனை கோட் அடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். இரண்டாவது கீறல் விழுவதற்குள் கண்டக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சாவிய இப்படிக் கொடுங்க சார்."

"எதுக்கும்மா?"

"வெளிய நிக்குதே உங்க கார், அதுல ரெண்டு இழுப்பு இழுத்துப் பாக்குறேன். அது எத்தன கோட்டுன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

அவர் கையை உதறிக்கொண்டு வெளியேறினார். கேட்டருகே நின்று, "வீடு விக்கிறவங்க பேசுற பேச்சா இது?" என்றார்.

"சுவத்தச் சுரண்டுறதுதான் வீடு வாங்குற லட்சணமோ?" என்று பதில் போனது. அது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பேருந்தில் வளர்ந்த குரல் அது. கண்டக்டரம்மா ஓய்வு பெற்று விசிலைக் கழற்றி வைத்த பிறகும் தெருவுக்கு அவர் கண்டக்டரம்மாதான். படியில் கால் வைக்கிற தினுசைப் பார்த்தே, ஏறுகிறவன் டிக்கெட் எடுப்பானா, தலையைத் திருப்பிக்கொள்வானா என்று சொல்லிவிடுவார். டிக்கெட் எடுக்காதவனுக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பதன் மீதெல்லாம் அளவுகடந்த அக்கறை வந்துவிடும். அப்படிப்பட்டவன் தோளைத் தட்டி, "என்ன தம்பி, அந்தக் கடைய விலைக்கு வாங்கப் போறியா? மொதல்ல டிக்கெட்ட வாங்கு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "வண்டியில ஏறுன ஒருத்தன்கூடச் சில்லறை சரியா வெச்சிருக்கல" என்பது அவர் சொல்கிற காரணம்.

வீடு அம்மாவினுடையது. அம்மா பழைய குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு நடக்கவில்லை. அந்தக் குளியலறை பின்னறையைத் தாண்டி, மூன்று படி கீழே, இருட்டாகக் கிடந்தது. அதன் ஈரம் பின்னறைச் சுவரில் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தத்தையும் கண்டக்டரம்மா இந்த வீட்டில் கொட்டினார். குழாயைத் துண்டித்து, அந்த மூன்று படியையும் மண் போட்டு மேடாக்கி, பழைய குளியலறையைச் சாமான் அறையாக மாற்றினார். ஓதம் ஏறிய சுவரைச் செங்கல் தெரியக் கொத்தி, கோடை முழுக்கக் காயவிட்டு, மறுபடி பூசினார். தண்ணீர் சரியாகத் தெளிக்காமல் பூசிய ஒரு சுவரைக் கொத்தனாரைக் கொண்டே இடிக்க வைத்தார். "உங்ககிட்ட வேலை செய்யறதுக்கு நான் லாரி ஓட்டப் போயிருக்கலாம்" என்றார் கொத்தனார். "லாரியையும் இப்படித்தான் ஓட்டுவீங்க. மொதல்ல சுவத்தப் பூசுங்க" என்றார் இவர்.

முன்னறையில், ஜன்னலை ஒட்டி அம்மாவின் கட்டில். கட்டிலுக்கு நாலடி தள்ளிப் புதுக் குளியலறை. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்குக் கதவு, வழுக்காத தரை, இரண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா கடைசிவரை அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்தார்.

இதில் எதையுமே தம்பி பார்க்கவில்லை. தம்பிக்கு வேறு ஊரில் பழைய கார் வாங்கி விற்கிற தொழில். போனில் வருவான். "அம்மா எப்படி இருக்காங்க, மாத்திரை சாப்பிடுறாங்களா, சரிக்கா வெச்சுடறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவான். என்றாவது நேரமிருந்தால் தொழில் ரகசியம் சொல்லுவான். "ஒரு வண்டி வேணும்னா மொதல்ல நான் போக மாட்டேன்கா. நாலு பேர அனுப்பி ஒரே குத்தத்தச் சொல்ல வெப்பேன். நாலாவது ஆள் சொல்லும்போது வண்டிக்காரனே நம்பிடுவான்." அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது வந்தான். உடலை அங்கிருந்து நேரே மயானத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். தகனம் முடிந்ததும், வந்த காரிலேயே திரும்பிப் போனான். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தது வக்கீல் நோட்டீஸ். பாதி வேண்டும்.

அன்றைக்கு இரண்டு கண்ணாடி டம்ளர்கள் சுவரில் மோதி உடைந்தன. உடைத்தவரே கூட்டிப் பெருக்கினார்.

சட்டப்படி பாதி அவனுடையது. அதைக் கண்டக்டரம்மா மறுக்கவில்லை. ஆனால் பழைய வீட்டு விலைக்குப் போனால், அவர் பாதியை வைத்துக்கொண்டு ஓர் அறைகூட வாங்க முடியாது. புதுப்பித்த வீட்டுக்கு உரிய விலை வந்தால், டிப்போவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபிளாட் கிடைக்கும். இந்த வயதில் போய், எவனோ ஒருத்தன் காலி பண்ணு என்றால் மூட்டை கட்டுகிற இடத்தில் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"விக்கலாம்டா. ஆனா நான்தான் விப்பேன்" என்றார் போனில்.

"உனக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி? நம்ம புரோக்கர் கையில பார்ட்டி ரெடியா இருக்கு."

"யாரு, அந்தச் சிரிப்பா?"

அந்தப் புரோக்கருக்குத் தெருவில் அதுதான் பெயர். விலை சொன்னாலும் சிரிப்பான், திட்டு வாங்கினாலும் சிரிப்பான். அவன் சொன்ன விலை, சுவர் ஈரமாக இருந்த காலத்து விலை.

"சரி, மழைக்கு முன்னாடி நீயே ஆள் பிடி. இல்லன்னா அவர்கிட்டதான்" என்று தம்பி வைத்துவிட்டான்.

கண்டக்டரம்மா பெயின்டரிடம் போர்டு எழுதச் சொன்னார். 'வீடு விற்பனைக்கு. உரிமையாளர் நேரடி விற்பனை. புரோக்கர்கள் மன்னிக்கவும்.' மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "நான் என்ன தப்பு பண்ணேன், மன்னிப்புக் கேக்கறதுக்கு?" என்று கடைசி வரியை அழிக்கச் சொல்லி, 'புரோக்கர்கள் வர வேண்டாம்' என்று மாற்றினார்.

புரோக்கர் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் அலமாரியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியை விரலால் தள்ளிப் பார்த்தார். இன்னொருவர் முன்னறைக் குளியலறையைப் பார்த்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி?" என்று மூக்கைச் சுளித்தார். ஒரு குடும்பம் முழுசாக வந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. ஒவ்வொருவர் போன பிறகும் தரையை அழுத்தி அழுத்தித் துடைத்தார். தரை என்ன பண்ணும் பாவம்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மீசைக்காரர் ஒருவர் வந்தார். "எல்லாம் சரிம்மா, பின்னாடி பாத்ரூம் சுவர் ஓதமாமே" என்று பாதி விலை சொன்னார். ஏதோ வேறு வீட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் வந்த, கண்ணாடி போட்ட ஒருவரும் அதையே சொன்னார். வெயிலில் மண்டை குழம்பிவிட்டதா என்று அவரைத் திட்டி அனுப்பினார். மூன்றாவதாக ஒரு வாலிபன் வந்தான். குழாயைத் திறக்கவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

"வீடு ஓகேதான் மேடம். அந்தப் பின்பக்கத்து பாத்ரூம் ஓதம்தான்..."

கண்டக்டரம்மாவுக்குள் விசில் ஊதியது. மூன்று பேர் ஒரே பொய்யைச் சொன்னால் மூன்று பேரும் ஒரே நிறுத்தத்தில் ஏறியவர்கள்.

"எங்க, காட்டு பாப்போம்."

அவன் விறுவிறுவென்று பின்னறைக்குப் போய், மூலைக் கதவைத் தள்ளினான். உள்ளே அலமாரித் தட்டு, பெட்டிகள், காய்ந்த வெள்ளைச் சுவர். வாய் பிளந்தபடி நின்றான்.

"இல்ல மேடம், கேள்விப்பட்டேன்..."

"உன் ஸ்டாப்பிங் வந்தாச்சு தம்பி. எறங்கு."

அவன் ஓடிய பிறகு சாமான் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். இங்கே குளியலறை இருந்தது தெரிந்தவர்கள், அது இப்போது இல்லை என்பது தெரியாதவர்கள். அப்படி ஒரே ஒருத்தன்தான் உலகத்தில் இருக்கிறான். விலை விழுந்தால், சிரிப்பின் 'பார்ட்டி' பெயரில் அவனே வாங்கி நல்ல விலைக்கு விற்றுவிடுவான், பழைய கார் மாதிரி. போனைக் கையில் எடுத்தார். எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு வைத்துவிட்டார். கோபத்தை அன்றன்றைக்கே செலவழித்துவிடுகிற மனுஷி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சேர்த்து வைத்தார்.

மேகம் கூட ஆரம்பித்த ஒரு காலையில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருடைய முழங்கை வரை மாவு. மனைவி வாயே திறக்காமல் எல்லாக் குழாயையும் திறந்தார். மோட்டார் போடச் சொன்னார். முன்னறைக் குளியலறைக் கதவை முழத்தால் அளந்தார். அந்தப் பெண்ணின் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறாராம்.

"இந்தக் கைப்பிடி எவ்வளவு வெயிட் தாங்கும்மா?"

கண்டக்டரம்மா கைப்பிடியைப் பிடித்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கித் தொங்கினார். "நான் எம்பத்தஞ்சு கிலோ. போதுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பேரம் மட்டும் சிரிப்பாக இல்லை. அரை நாள் இழுபறி. சொன்ன விலையிலிருந்து கண்டக்டரம்மா அசையவில்லை. "ஏறும்போதே சொல்லிட்டேன் டிக்கெட் விலை இதுதான்னு. பாதி தூரம் வந்துட்டு பேரம் பேசக் கூடாது." கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். இனித் தம்பியின் சம்மதமும் கையெழுத்தும் வேண்டும்.

தம்பி மறுநாளே வந்தான். பின்னாலேயே சிரிப்பும் வந்தான்.

"போர்டு படிக்கலையா நீ?" என்றார் கண்டக்டரம்மா.

"நான் புரோக்கரா வரலம்மா, தம்பிக்குத் துணையா வந்தேன்" என்று சிரித்தான்.

முன்னறை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான் தம்பி. பேச்சை முடிக்க மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரைப் பார்த்து, ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டினான். "அண்ணே, ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது. நாளைக்கு என்மேல வருத்தப்படக் கூடாது பாருங்க. பின்னாடி பாத்ரூம் சுவர்ல ஓதம் ஏறும். அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

பேக்கரிக்காரரின் மனைவி கண்டக்டரம்மாவைப் பார்த்தார். கண்டக்டரம்மா சாதுவாக, "அப்படியாடா? போய்க் காட்டு, அவங்களும் பாக்கட்டும்" என்றார்.

அவன் எழுந்து முன்னால் நடந்தான். கால் வழியை மறக்கவில்லை. பின்னறை, இடது மூலை, கதவு. திறந்துவிட்டு, படி இருக்கும் என்று காலைத் தாழ்த்தி வைத்தான். படி இல்லை. தடுமாறி அலமாரியைப் பிடித்துக்கொண்டான். எதிரே மூலையில் அம்மாவின் சக்கர நாற்காலி மடித்துச் சாத்தியிருந்தது.

சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பாத்ரூம் எங்கக்கா?"

"அத விடு. அம்மா எந்த ரூம்ல படுத்திருந்தாங்க? சொல்லு."

அவன் பின்னறையைக் கை காட்டினான். கை பாதியிலேயே நின்றது.

சேர்த்து வைத்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "நீ உக்காந்து கால் ஆட்டுனியே, அங்கடா! அந்த ஜன்னலோரம்தான் கட்டில் இருந்தது! அம்மா நடக்க முடியலன்னு பாத்ரூமையே கட்டில் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். உனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மூணு பேருக்குப் பாடம் சொல்லி அனுப்பினியே, அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமேடா! பொய் சொல்றதுக்குக்கூட உனக்கு இந்த வீட்டுக்கு வர நேரமில்ல!"

தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. சிரிப்பு முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றான். பிறகு துணைக்கு வந்ததையும் மறந்து நழுவிவிட்டான்.

பேக்கரிக்காரரின் மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காஞ்சுதான் இருக்கு" என்றார் கணவரிடம். "நாம பேசின விலையே இருக்கட்டும்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். வெட்கத்தில் ஆட்டினானா, கணக்குப் போட்டு ஆட்டினானா என்று கண்டக்டரம்மா ஆராயவில்லை.

பத்திரப் பதிவு அன்று அவனுக்குரிய பாதியைச் சரியாகக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வெளியே நல்ல மழை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்த கண்டக்டரம்மாவின் பின்னாலேயே அவன் நனைந்துகொண்டு வந்தான்.

"அக்கா, கார்ல விடட்டுமா?"

கண்டக்டரம்மா நடையை எட்டிப் போட்டார்.

"புது வீட்டு அட்ரஸாவது குடுக்கா. வந்து பாக்கறேன்."

"அம்மா படுத்த எடம் தெரியாதவனுக்கு என் அட்ரஸ் எதுக்குடா?"

பஸ் வந்தது. ஏறினார். சின்ன வயசுக் கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்றான். கண்டக்டரம்மா தன் புது நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். பழக்கம் விடவில்லை. கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னார். படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும், அதற்கு வெளியேயும் கேட்டிருக்கும். அவன் காதில் விழுந்ததா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரைட், போலாம்" என்றார் அந்தப் பையனை முந்திக்கொண்டு.