சூசையப்பர் கையிலிருந்த விளக்கு

சில வருடங்களுக்கு முன், கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது.

அதற்கு அருகிலுள்ள கூலாயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இயேசு பிறப்புப் படம் ஒன்று மாட்டியிருக்கிறோம். இருட்டான தொழுவம். வைக்கோலில் குழந்தை, அதன்மேல் குனிந்திருக்கும் மாதா, பின்னால் கையில் விளக்கோடு சூசையப்பர். மாதாவின் முகத்து வெளிச்சம் அந்த விளக்கிலிருந்துதான் வருகிறது என்றே நினைத்திருந்தேன். குடும்பத்துக்கு ஆண்பிள்ளைதானே விளக்குப் பிடிக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

நெடுநாள் காத்திருந்து பிறந்த எங்கள் மகளுக்குப் பிறந்ததுமே மஞ்சள் காமாலை. கண்ணை மூடிக் கட்டி, நீல வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மஞ்சள் இன்னும் ஏறினால் ரத்தம் மாற்றவேண்டி வரும் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, ஜெபமாலையோடு வராந்தாவிலேயே கிடந்தேன். நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, வார்டில் நர்ஸாக இருந்த மலாய் மிஸ்ஸி ஒருவர், உள்ளே வரவில்லையா என்று கேட்டார். ஒருவருக்குத்தானே அனுமதி, மனைவி உள்ளே இருக்கிறாள் என்றேன்.

"அப்பா முகம்தான் ரொம்ப மஞ்சள். உள்ளே வாங்க லா," என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

உள்ளே பெரிய விளக்கை அணைத்திருந்தார்கள். பெட்டியில் மட்டும் வெளிச்சம். என் மனைவி அதன்மேல் குனிந்திருந்தாள். அழுது வீங்கிய முகம்தான், ஆனால் அவ்வளவு பிரகாசம். பின்னால் இருட்டில், அவளுக்குக் குடிக்கக் கொண்டுவந்த மைலோ பிளாஸ்க்கோடு நான்.

"ஏங்க, என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிள்ளைய பாருங்க," என்றாள்.

பிள்ளையைப் பார்த்தேன். வீட்டுப் படம் அப்படியே கண்முன் நின்றது. சூசையப்பரின் விளக்கு வெளிச்சம் அவர் கையைத் தாண்டிக்கூட விழவில்லையே! வெளிச்சமெல்லாம் வைக்கோலில் கிடந்த பிள்ளையிடமிருந்துதான். ஆண்டவரே, என் கையில் ஒன்றுமில்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று அங்கேயே வேண்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அதே மிஸ்ஸி வந்து மஞ்சள் இறங்குகிறது என்றார். ரத்தம் மாற்றவேண்டியதில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்மஸுக்கு வீடு வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் கடைக்குட்டிதான் குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைப்பது வழக்கம். மகளின் பிஞ்சு விரலை அதில் தொடவைத்து, நான் வைத்தேன்.

இன்றும் மழை இருட்டுகிற சாயங்காலங்களில், விளக்கைப் போடுமுன் அந்தப் படத்தின் முன் நிற்பேன். பின்னால் நிற்க எனக்கும் ஓர் இடம் கொடுத்த ஆண்டவருக்கும், கதவைத் திறந்துவிட்ட அந்த மிஸ்ஸிக்கும் நன்றி சொல்லாமல் நகர்வதில்லை.