வாடல் அண்ணி கொடுத்த எரு

அவளுக்கு "வாடல் அண்ணி" என்று பெயர் வைத்தது வேறு யாருமல்ல, சொந்தக் கொழுந்தன்தான். மூன்று போகத்துக்கு முன் அவனுடைய நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்ட தக்காளி, வேரடியில் ஈரம் இருக்கும்போதே உச்சி வெயிலில் தலை தொங்கிப் போனது. "அண்ணி கை பட்டா பச்சைச் செடியும் வாடிரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சந்தையில் காய் எடுப்பவன்கூட, "என்ன வாடல் அண்ணி, சௌக்கியமா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுக்கப் பட்டாணி பட்டாணியாக முடிச்சு. வேருக்குள் புகுந்து சத்தை உறிஞ்சும் நூற்புழு! அவன் கொடுத்த தட்டிலேயே நடாமல் மிச்சம் கிடந்த நாற்றையும் பிடுங்கினாள். அதிலும் அதே முடிச்சு, கடுகளவில். சுத்தமான கலவை போட வேண்டிய தட்டில் பழைய பாத்தி மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான் புண்ணியவான். கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அது உங்க தோட்டத்து மண்ணோட கோளாறு அண்ணி. என் நாத்து மேல பழி போடாதீங்க," என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கணவனிடம் முறையிட்டாள். "கூடப் பொறந்தவன். விட்டுத்தொலை," என்றுவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அவள் விடவில்லை. முதலில் புழுவை ஒரு கை பார்த்தாள். வேளாண் அலுவலகத்தில் ஒரு பொடி கொடுத்தார்கள். நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து தின்னும் பூஞ்சணம். அதை மக்கிய எருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, நிழலில் பதினைந்து நாள் வைத்தாள். எருவின் மேல் பூஞ்சணம் படர்ந்ததும், "தின்னு, ஒண்ணு விடாம தின்னு" என்று வாய்விட்டே சொன்னாள். அப்போது அவள் மனதில் இருந்தது கொழுந்தனின் முகம்தான், மறைப்பானேன்! அந்த எருவை மண்ணில் போட்டுவர, இரண்டு போகத்தில் வேர் வெள்ளை வெளேரென்று வந்தது.

அதற்குள் கொழுந்தனிடம் நாற்று வாங்கியவர்கள் அவனை முறைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் அசடு வழிய வந்து நின்றான்.

"அண்ணி, அந்த எரு நமக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

"அதுக்கென்ன தம்பி, தாராளமா எடுத்துட்டுப் போங்க."

இரண்டு மூட்டை கொடுத்தாள். எவ்வளவு போடுவது, ஈரம் எப்படிக் காப்பது, எல்லாம் சொன்னாள். பொடி வந்த பாக்கெட்டை மட்டும் கண்ணில் காட்டவில்லை. பூஞ்சணக்கொல்லி மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று அதன் பின்புறம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திங்கட்கிழமைதோறும் நாற்றழுகலுக்கு அந்த மருந்தை ஊற்றாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அடுத்த திங்கட்கிழமை வேலை இருப்பதுபோல் அங்கே போனாள். அதே பழைய பாத்தி மண்ணில் எரு கலந்த தட்டுகளின் மேல் அவன் மருந்தை மடமடவென்று ஊற்றிக்கொண்டிருந்தான். "நல்லா நனைங்க தம்பி," என்றாள். வயிறு குளிர்ந்துபோயிற்று.

'நூற்புழு இல்லாத நாற்று' என்று பெரிய பலகை மாட்டி விற்றான். வாங்கவும் ஆள் குவிந்தது. ஒன்றரை மாதத்தில் அதே ஆட்கள் முடிச்சு விழுந்த வேரோடு பண்ணை வாசலில் கூடினார்கள். சேதி கேட்டதும் அவள் தலையை வாரிக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"இதோ வந்துட்டாங்க! இவங்க குடுத்த எருவாலதான் எல்லாம்!" என்று கையை நீட்டினான் கொழுந்தன்.

"எரு நல்ல எருதான். மேல மருந்தை ஊத்தி அதைக் கொன்னது நீங்க. பாத்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவன் முகம் வெளிறியது. இதைப் பார்க்கத்தான் மூன்று போகம் காத்திருந்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

குத்தகை நிலத்தில் முதன்முதலாகத் தக்காளி வைத்த பெண் ஒருத்தி, கையில் செடியோடு முன்னால் வந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"பாத்துக்கிட்டா இருந்தீங்க? இப்போ என் மண்ணு பூரா புழு. அவரு உங்களுக்குக் கெடுதல் செஞ்சாரு, சரி. நான் என்னக்கா செஞ்சேன்?"

கொழுந்தன் தலைகுனிந்து நின்றான். அவன் பக்கத்திலேயே வாடல் அண்ணியும் அப்படித்தான் நின்றாள்.