ஆர்சன் பாய்ந்த கதை

ஆர்சனுக்குச் செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விக்னராஜா பதினேழு நாளாக முழுசிக்கொண்டு திரிந்தார். கெட்ட செய்தியென்றால் எப்போதோ சொல்லியிருப்பார். அவருக்கும் மனைவி யோகாவுக்கும் நிரந்தர விசா கிடைத்துவிட்டது! பதினொரு வருடம் காத்திருந்த கடிதம். குடியிருக்கும் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டிய மனிதர், ஒரு லட்டுப் பெட்டிகூட வாங்கவில்லை.

எல்லாம் ஆர்சனால் வந்தது. பெலாருஸ்காரர், நாற்பத்தொன்பது வயது, இடது முழங்கால் சரியாக மடங்காது. பக்கத்து ஊரான டண்டினோங்கில் சாமான் ஏற்றும் மரத்தட்டு அடிக்கும் தொழிற்சாலையில், எட்டு வருடமாக விக்னராஜாவுக்குப் பக்கத்தில் நின்று ஆணி அடிப்பவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம் மட்டும். முதல் நாள் தேநீர் நேரத்தில் விக்னராஜா கேட்டார், “முந்தி என்ன செய்தனீங்கள்?”

“ஜம்பர்,” என்றார் ஆர்சன்.

இந்த ஊரில் குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டையும் ஜம்பர்தான். ஆனால் அகதியாகப் படகில் வந்த விக்னராஜாவின் காதில் ஏறிக் கிடந்தது வேறு ஜம்பர் அல்லவா! வரிசையில் நிற்காமல் குறுக்கே பாய்ந்து வந்த ‘கியூ ஜம்பர்’ என்று ரேடியோவிலும் கடையிலும் கேட்டுக் கேட்டு நொந்த காது அது. அட, நம்மட ஆள்! அன்றே வீட்டுக்குப் போய், “யோகா, அவரும் எங்களைப்போலப் படகில வந்தவர்தான், பாவம், தனி ஆள்,” என்றார். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு பேருக்குப் புட்டு.

பிறகு நடந்த பேச்சுகளைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா?

“காலில என்ன நடந்தது?”

“பாய்ந்தபோது பிழையாக விழுந்துவிட்டேன்.”

“கனநேரம் காக்க வைச்சவங்களோ?”

“காற்றுச் சரியில்லாவிட்டால் மேலேயே குந்தியிருக்க வேண்டும்.”

கடற்காற்றைப் பற்றி விக்னராஜாவுக்கா தெரியாது! உச்சுக்கொட்டினார். “கடைசியில உங்களை எடுத்தவங்களோ?”

“இல்லை. ஐம்பது பேரை எடுத்தார்கள். நான் ஐம்பத்தோராவது.”

ஐயோ கடவுளே! அதற்குப் பிறகு விக்னராஜா விசாப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது தன் கடிதத்தை எந்த முகத்தோடு காட்டுவார்?

யோகாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இஞ்சேருங்கோ, நீங்கள் ஒளிச்சு வைச்சா அவருக்கு விசா வந்திடுமோ? வேற ஆரும் சொல்லிக் கேட்டா மனுசன் உடைஞ்சு போவார். இண்டைக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ!”

சொன்னார். ஆர்சன் சுத்தியலை எறிந்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“உங்களுக்கும் கெதியில கிடைக்கும்,” என்று விக்னராஜா அவர் முதுகைத் தடவினார்.

“எனக்கு என்ன கிடைக்கும்?”

“விசா.”

“நான் இந்த நாட்டுப் பிரஜை, விக்னா. பன்னிரண்டு வருடமாக.”

விமானத்தில் வந்தவராம். இங்கே உள்ள ஒருத்தியைக் கட்டி வந்தாராம். கல்யாணம் நிலைக்கவில்லை, பாஸ்போர்ட் நிலைத்தது.

“அப்ப அந்தப் பாய்ச்சல்?”

ஆர்சன் போனில் மங்கலான ஒரு வீடியோவைக் காட்டினார். பனி மலை. உச்சியிலிருந்து நீண்ட சறுக்குப் பாதை. காலில் நீளப் பலகை கட்டிய ஒல்லிப் பையன் சறுக்கி வந்து, அந்தரத்தில் எழும்பி, மூக்கு பலகையில் முட்டுமளவுக்குக் குனிந்து பறந்தான். அந்தப் பையன் ஆர்சன்தான்; இப்படிப் பாய்பவருக்கும் ஜம்பர் என்றுதான் பெயராம். ஒன்பது வயதில் தொடங்கிப் பதினான்கு குளிர்காலம் பாய்ந்தாராம். கிழிந்த உடுப்பைத் தானே தைத்துக்கொண்டு, வான் வண்டிக்குள் படுத்துறங்கி, சின்னச் சின்னப் போட்டியெல்லாம் போனவர். பெரிய போட்டிக்கு ஒரே ஒரு தடவை போய், அரைப் புள்ளியில் ஐம்பத்தோராவதாக வெளியே நின்றார். அடுத்த குளிருக்கு முழங்கால் போயிற்று.

“அப்ப நீங்கள் ஒண்டுக்கும் காத்துக்கொண்டிருக்கேல்லை!” விக்னராஜாவின் நெஞ்சிலிருந்து எட்டு வருடப் பாறாங்கல் இறங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எனக்கு விசா கிடைச்சிட்டுது!” என்று தொழிற்சாலை முழுக்கக் கேட்கக் கத்தினார். பதினேழு நாளில் அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்க, உண்மை வெளியே வந்தது. “யோகா வெள்ளிக்கு வெள்ளி கோயில்ல உங்கட பேருக்கு அர்ச்சனை செய்தவ. நட்சத்திரம் தெரியாதெண்டு ஐயரிட்டச் சொல்லிப்போட்டு.”

ஆர்சன் சிரிக்கவில்லை. “யோகா என்ன கேட்டார்?”

“உங்களை எடுக்கவேணும் எண்டு.”

ஆர்சன் போனை அணைத்துப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் பாய்ந்து இறங்கும்போது கீழே எனக்கென்று ஒருவரும் நின்றதில்லை,” என்றார். பிறகு கேட்டார், “கோயிலில் என் பெயரைச் சத்தமாகவா சொல்வார்கள்?”

“ஓம்,” என்றார் விக்னராஜா. “எல்லாருக்கும் கேக்கும்.”