சாக்பீஸ் அண்ணன் போட்ட கோடு

சாக்பீஸ் என்று ஒரு மனிதனுக்குப் பெயர் இருக்கும் என்பது அவளுக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. அந்த மனிதன் தன் கூடப்பிறந்த அண்ணன்தான் என்பது அதற்கு அடுத்த நிமிடம் தெரிந்தது.

அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறை வாசலில் நின்று, அண்ணனின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அப்படி ஒருத்தனே இங்கே இல்லை என்றார்கள். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூக்கைப் பாத்தா தெரியுதே. சாக்பீஸ் தங்கச்சியா நீ? அந்த லாரிக்கு அடியில ரெண்டு கால் நீட்டிக்கிட்டு இருக்கு பாரு, அதான் உங்கண்ணன்" என்றார். அந்தக் கால்சட்டையின் ஓரத்தில் பச்சை நூல் தையல் இருந்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் அவளே போட்ட தையல். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

பெயர் வந்த கதையை அண்ணனே ஒருநாள் சொன்னார். எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது வண்டியின் அடிவயிற்றில் ஓடும் நீளமான இரும்புக் குழாய். ஷாஃப்ட் என்பார்கள், ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரண்டு துண்டு. மேடு பள்ளத்தில் அது வளைந்துகொடுக்க வேண்டுமே, அதற்காக இரண்டு முனையிலும் கூட்டல் குறி போல ஒரு இரும்பு மாட்டியிருக்கும். அதற்குப் பட்டறையில் கிராஸ் என்று பெயர். கிராஸ் தேய்ந்துபோனால் கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பஸ்ஸுக்கு கிராஸ் மாற்றினார். வேலை சுத்தமான வேலைதான். ஆனால் ஷாஃப்டின் இரண்டு துண்டையும் திரும்பச் சொருகும்போது, முன்பு எது எதைப் பார்த்து இருந்தது என்று கவனிக்கவில்லை. பஸ் வேகமெடுத்ததும் குளிர்க்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது. கண்டக்டரின் பை ஆணியிலிருந்து கழன்று ஒரு பெரியவரின் மடியில் விழுந்தது. மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், பிரிப்பதற்கு முன்னால் ஒரு கோடு போட்டாயா என்று.

அன்றையிலிருந்து அண்ணன் காதோரத்தில் சாக்பீஸ் ஏறியது. எதைக் கழற்றினாலும் இரண்டு துண்டுக்கும் குறுக்கே முதலில் ஒரு கோடு. வகுப்பில் கீழே விழும் துண்டுகளைப் பொறுக்கி வந்து கொடுத்தது அவள்தான். நாளடைவில் அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கர் மூடியில் கோடு, அலமாரிக் கதவில் கோடு, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில்கூடக் கோடு. அம்மா, "என் தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒண்ணு போட்டு வைடா. கழண்டு விழுந்தா மாட்டறதுக்கு வசதியா இருக்கும்" என்பாள். ஈரத்துணியும் கையுமாகப் பின்னாலேயே போய்த் துடைப்பது தங்கையின் வேலை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன்தான் அவளைப் படிக்கவைத்து, ஒரு வேன் ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தார். தன் கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் இந்த வாரம் ஒரு கியர்பாக்ஸ் வேலை இருக்கிறது என்று நழுவி, பட்டறை மாடியில் ஒற்றைக் கட்டிலோடு காலத்தை ஓட்டிவிட்டார். அவள் வீட்டுக்காரர் கேலிக்குப் பெயர்போனவர். சண்டை வந்தால் போதும், "மச்சான் அன்னைக்கே நம்ம ரெண்டு பேர் தோள்லயும் கோடு போட்டுத்தான் சேத்துவிட்டிருக்காரு. நீ எங்க போனாலும் இதே மாதிரி வந்து மாட்டிக்கணும்" என்பார். அதற்கு மேல் எங்கே சண்டை போடுவது?

போன வருஷம் அந்த மனிதர் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அறுவை செய்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், வழியில் அதிர்வு கூடவே கூடாது என்றார் டாக்டர். மூன்று மணி நேர வழி. ஆம்புலன்ஸ் என்றதும் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தால் என் வண்டியில்தான், இல்லையென்றால் இந்தக் கட்டிலே போதும் என்று ஒரே பிடிவாதம். அவர் படுத்ததிலிருந்து வேனை ஓட்டுவது அவள்தான். பத்து நாளாகக் கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் டக். வேகம் எடுத்தால் தரையே நடுங்கியது. அந்த நடுக்கத்தில் அவரை எப்படிப் படுக்கவைப்பது என்று அண்ணனுக்கு போன் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். ஒரு வருஷம் முன்பே, போதும், இனி ஓய்வு என்று பட்டறை வேலையை விட்டிருந்தார். எட்டு மாதமாகத் தங்கை வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர் காபிகூடக் குடிக்காமல் சாக்கை விரித்து வேனுக்கு அடியில் போனார். கம்பித் தூரிகையால் ஒரு இடத்தைச் சுரண்டி, சாக்பீஸால் கோடு போட்டு, நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை இரண்டு துண்டாக வெளியே எடுத்தார். பழைய கிராஸ் இரண்டையும் வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்து அவர் தட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா நிற்பானேன் என்று அவள் அந்தத் துண்டுகளை மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்துவைத்தாள்.

புதுக் கிராஸ் ஒவ்வொன்றின் நாலு காலிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஏற வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் அரைத் தீக்குச்சி நீளத்தில் மெல்லிய இரும்பு ஊசிகள் வட்டமாக நிற்கும். கிரீஸ்தான் அவற்றைப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கை ஆடினாலும் ஒரு ஊசி குப்புற விழுந்துவிடும். பிறகு கிண்ணம் முழுசாக இறங்காது, மேலே போடும் பூட்டு வளையமும் உட்காராது. அண்ணன் முதல் கிண்ணத்தை அழுத்தினார். வளையம் உட்காரவில்லை. எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு ஊசி படுத்திருந்தது. மறுபடி அடுக்கினார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவள் ஊசியைப் பார்க்கவில்லை, அவர் வலது கையைப் பார்த்தாள். காற்றில் இலை ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமாச்சு பாப்பா. பட்டறைய விட்டதே அதுக்குத்தான்."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவே. ஏற்கெனவே ஒருத்தரைத் தூக்கிச் சுமக்கற. நான் வேறயா?"

அவள் கிண்ணத்தை வாங்கி, விரலில் கிரீஸைத் தொட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அவர் சொல்லச் சொல்ல வைஸின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாள். வளையம் கிளிக்கென்று உட்கார்ந்தது. இரண்டு கிராஸுக்குமாக எட்டுக் கிண்ணமும் ஏறி முடியும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

இரண்டு துண்டையும் சேர்க்க எடுத்தவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு எங்க பாப்பா?"

அவளுக்குத் துணியைப் பார்த்ததும் விளங்கியது. நாளைக் காலையில் கிளம்பியாக வேண்டும். திட்டுவார் என்று நின்றாள். அவரோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ளையில இருந்து செய்யற வேலையைத்தானே செஞ்சிருக்கே" என்று சிரித்தார்.

முனைகள் இரண்டும் ஒரே நேராகப் படுக்க வேண்டும். அதைத் தரையில் வைத்தே பார்த்துவிடலாம். ஒரு துண்டை அரைச்சுற்று திருப்பினாலும் அப்படியே படுக்கும் என்பதால் இரண்டு வழி இருக்கிறது, அதில் ஒன்றுதான் சரி. எது என்று கோடு சொல்லியிருக்கும். இனி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு வழியில் மாட்டினார்கள். அவள் முன்னால் ஏறினாள். அண்ணன் பின்னால் போய், மாப்பிள்ளைக்கென்று விரித்திருந்த மெத்தையில் அவரைப் போலவே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

புறவழிச் சாலையில் வேகம் எடுத்தாள். டக் போயிருந்தது. நடுக்கமும் இல்லை என்றே அவளுக்குப் பட்டது.

"ஆகாது" என்றார் அண்ணன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"நீ கையால கேக்கற. நான் முதுகால கேக்கறேன். இடுப்புக்குக் கீழ வண்டு மாதிரி ஒண்ணு குடையுது. மாப்பிள்ளை தாங்க மாட்டாரு."

திரும்பி வந்து மறுபடி கழற்றினார்கள். நட்டை அவர் கையால் முறுக்க முடியவில்லை, ஸ்பேனர் நழுவி நழுவி விழுந்தது. அவளும் சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தாள். அவர் தாங்கிப் பிடிக்க, அவள் முறுக்கினாள். முகத்தில் மண் உதிர்ந்தது. தெருவில் போனவர்களுக்கு வேனுக்கு அடியில் நாலு கால் தெரிந்திருக்கும்.

இரண்டாம் முறை அதே சாலை, அதே வேகம். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. "எப்படிண்ணே?" என்றாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய்ப் பார்த்தாள், அப்போதும் பேச்சில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை மார்பின் மேல் ஆடாமல் கிடந்தது. வண்டி நின்றதில்தான் கண் விழித்தார். "ஏன் நிறுத்திட்டே, நல்லாத்தானே போச்சு?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி அடியில் போய், சேர்ந்திருந்த ஷாஃப்டின் மேல் கோடு போட்டார். கை நடுங்கியதில் அது புழு நெளிந்த மாதிரி விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்காரர் மூன்று மணி நேரமும் மெத்தையில் படுத்தபடி மச்சானைக் கேலி செய்துகொண்டே வந்தார். வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையை மட்டும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் இறக்கிப் படுக்கவைத்ததும் அவளைக் கூப்பிட்டு, "அந்த சாக்பீஸை எடு. மச்சானுக்கும் இந்த வீட்டு நிலைப்படிக்கும் நடுவுல ஒரு கோடு போடு. கழட்டிக்கிட்டு ஓடிடப்போறாரு" என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சாக்கு மட்டும் வேனுக்குள்ளேயே கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு கிளம்ப அவர் போகவில்லை.

கைக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டுதான் போனாள். மாத்திரையில் நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. அண்ணன் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார், வாசலை ஒட்டிய அறையில்.