தம்பியின் கன்னம்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் எல்லோருக்கும் எலும்பை எண்ணிவிடலாம். என் தம்பிக்கு மட்டும் கன்னம் உப்பி, வயிறு முன்னே தள்ளி, பாதம் பன்னு மாதிரி இருக்கும். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் அம்மா அவனுக்குப் பால் மறக்கடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு அவித்த கப்பைக்கிழங்கும் கடுங்காப்பியும்தான். இந்தச் சாப்பாட்டுக்கு இப்படி ஓர் உடம்பா என்று, பீர்மேட்டு மழையில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்களெல்லாம் வாய்பிளந்தார்கள். போதாக்குறைக்கு அவன் தலைமுடி வேறு செம்பட்டையாகிக்கொண்டு வந்தது.

“தொரை வீட்டுப் புள்ள கணக்கால்லா இருக்கான்!” என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். கண்ணேறு படாமல் அவன் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பது அவள் வேலை; உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது என் வேலை. அவன் சிரிக்க மாட்டான், விளையாட மாட்டான், தூக்கினால் சிணுங்குவான். இருந்த இடத்தில் இருக்கிற நல்ல பிள்ளை என்று அதற்கும் பாராட்டுதான்.

ஒருநாள் டிஸ்பென்சரியின் மலையாள நர்ஸ் வந்து அவன் பாதத்தில் விரலை அழுத்தினாள். விழுந்த குழி மேலெழும்பவே இல்லை.

“இது சதை அல்லம்மா, வீக்கமாக்கும். குட்டிக்கு ஆகாரம் போரா, பத்தாது. பாலும் பயறும் வேணும்” என்றாள். அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பயந்துபோய், அம்மாவையும் தம்பியையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு பார்க்கப் போனேன். அம்மாவின் பக்கத்தில் கிடந்தது வேறு யாருடைய பிள்ளையோ என்று நினைத்தேன். கன்னத்தைக் காணோம். கைகால் ஈர்க்குச்சி. அப்பாவின் சட்டையைப் போட்டதுபோல எலும்பின் மேல் தோல் தொளதொளவென்று தொங்கியது. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கையிலிருந்த பிஸ்கட்டை வெடுக்கென்று பிடுங்கித் தின்றது. நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“கொழுகொழுன்னு அனுப்புன புள்ளயப் பாலக் குடுத்தே உருக்கிட்டாவளே!” என்று அத்தை கதறினாள். வீக்கம் வடிந்தால்தான் பிழைப்பான், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று வார்டு நர்ஸ் கெஞ்சினாள். அம்மா துணிமணியை மூட்டை கட்டினாள். அந்த எலும்புக்கூட்டைப் பார்க்க அவளுக்கும் பயம். மதிய பஸ்ஸிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுபடியும் கப்பையும் கடுங்காப்பியும். கொஞ்ச நாளில் பாதம் உப்பியது, பிறகு கன்னம். முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். தம்பிக்கு உடம்பு தேறிவிட்டது என்று லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். அத்தை ஆனந்தத்தில் அழுதாள். அன்றைக்கு மைப்பொட்டை என்னையே வைக்கச் சொன்னாள்.

மழை விடும் முன்பே அவன் போய்விட்டான். குழியில் இறக்கும்போதும் கன்னம் உப்பித்தான் இருந்தது. இவ்வளவு குண்டான பிள்ளை எப்படிச் சாகும் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கேட்டேன்.