துப்பாக்கிக்குப் பாடு இல்லை

ஆகஸ்டு மாதக் கடைசி. பழவேற்காட்டுப் படகுத்துறையில், பசியாவரம் போகும் படகில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சேற்றுத்திட்டில் உள்ளான் கூட்டம். இமயத்தைத் தாண்டிப் பறந்துவந்த பசியில், தலை நிமிராமல் சேற்றைக் குத்திக் குத்தித் தின்கின்றன.

ஜீப்பில் வந்திறங்கிய பட்டணத்து ஆள் ஒருவர், தோளில் துப்பாக்கியோடு எங்கள் படகில் கால் வைக்கிறார். படகுக்காரர் தேசப்பன் தள்ளுகோலைக் குறுக்கே நீட்டுகிறார்.

“துப்பாக்கிய கரையில வெச்சிட்டு வா சார்.”

“ஏரி என்ன உங்கப்பன் சொத்தா?”

“எங்க நைனா சொத்து இல்ல சார். ஆனா இன்னிக்கு அந்தத் தண்ணி எங்க பாடு.”

பாடு என்றால் முறை. ஏரியில் வலை போட ஒவ்வொரு மீனவர் கூட்டத்துக்கும் ஒரு நாள். அன்றைக்கு மற்றவர்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள்.

“மத்தவன் வலையே வுழாத எடத்துல உன் குண்டு வுழலாமா?”

உள்ளானைச் சுடுவது பாவம் என்று நானும் எகிறுகிறேன். அந்த ஆள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்துப் படகுக்குப் போகிறார். அதில் இருப்பவர் கோவிந்தன். காலையில்தான் தேசப்பனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்.

“நாளைக்கு யார் பாடு?”

“எங்களுது.”

“அப்ப உன்கூட நாளைக்கு வரேன்.”

கோவிந்தன் பீடியைத் தண்ணீரில் வீசிவிட்டு எழுந்து நிற்கிறார்.

“வா சார். துப்பாக்கிய கரையில வெச்சிட்டு வா.”